கோல் அடிக்காதவரை எப்படி மதிப்பிடுவது?
ஹாக்கித் தடுப்பாட்ட மாணவருக்கு ஒரு கவனிப்புப் பதிவேடு

பள்ளிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டியில் வென்று வந்தால், மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் யாரை முன்னால் அழைத்துக் கைதட்டுகிறோம்? கோல் அடித்தவரை. அடுத்து, பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்திருந்தால் கோல்கீப்பரை. பின்வரிசையில் நின்று, எதிரணி கோல் வட்டத்துக்குள் நுழையாமல் ஆட்டம் முழுவதும் பார்த்துக்கொண்ட மாணவர் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையிலேயே நிற்பார். போட்டியின் முடிவுத் தாளிலும் அவர் செய்ததை எழுத இடம் இல்லை. அவர் பெயர் அதில் ஏற வேண்டுமானால் தவறு செய்து அட்டை வாங்க வேண்டும்!

வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் ஒரு மாணவரின் எதிர்காலம் இருக்கிறது. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு யாரை அனுப்புவது, யாரிடம் 'நீ தொடர்ந்து ஆடு' என்று சொல்வது, யாருடைய பெற்றோரிடம் போய்ப் பேசுவது என்ற முடிவுகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் பள்ளியில் இருக்கும் நாம்தான். கோல் கணக்கை மட்டும் வைத்து அந்த முடிவை எடுத்தால் தடுப்பாட்டக்காரர் நம் கண்ணில் படவே மாட்டார்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். கல்லூரி அணியில் பின்வரிசையில் ஆடியவன். மாலை நேரங்களில் எங்கள் உடற்கல்வி ஆசிரியருக்குத் துணையாக மைதானத்தில் நிற்கிறேன். கணக்கு ஆசிரியர்கள் விளையாட்டுப் பாடவேளையைக் கடன் கேட்பவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கடனுக்கு வட்டியாக, கணக்கு மைதானத்துக்கு என்ன தர முடியும் என்று யோசித்ததில் பிறந்தது இந்தப் பதிவேடு. ஹாக்கி ஆடும் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் பகிர்கிறேன்.

தடுப்பாட்டக்காரரின் வேலை என்ன?

மதிப்பிடுவதற்கு முன் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹாக்கி மைதானம் 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உடையது. கோலைச் சுற்றி 14.63 மீட்டர் அளவில் வரையப்பட்ட வளைவுக்குள் இருந்து அடித்தால்தான் அது கோல். மாணவர்கள் இதை 'டி' என்பார்கள். ஆகவே தடுப்பாட்டக்காரரின் முதல் வேலை பந்தைப் பறிப்பது என்று நினைப்பது பாதிதான் சரி. எதிரணியினர் பந்தோடு 'டி'க்குள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. பந்தைத் தொடாமலேயே இதைச் செய்ய முடியும்.

அடுத்து, ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. மறுபக்கம் உருண்டையானது, அந்தப் பக்கத்தால் பந்தைத் தொட்டால் தவறு. எல்லோரும் வலக்கை ஆட்டக்காரர்களைப் போலவே மட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதனால் ஒவ்வொரு தடுப்பாட்டக்காரருக்கும் வலப்பக்கம் பலம், இடப்பக்கம் பலவீனம். பந்தோடு வருபவர் அந்த இடப்பக்கமாகத்தான் கடக்கப் பார்ப்பார். நல்ல தடுப்பாட்டக்காரர் இடது காலைச் சற்று முன்வைத்து, உடலைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு வைத்து நிற்பார். 'இந்தப் பக்கம் வழி இருக்கிறது, வா' என்பதுபோலத் தன் வலப்பக்கத்தைக் காட்டுவார். வருபவர் தன் விருப்பப்படி போவதாக நினைத்துக்கொண்டு, இவர் விரித்த வழியில் போவார்.

மூன்றாவது, தவறு செய்யாமல் தடுப்பது. 'டி'க்குள் தடுப்பவர் செய்யும் சாதாரணத் தவறும், 23 மீட்டர் கோட்டுக்குள் வேண்டுமென்றே செய்யும் தவறும் எதிரணிக்குப் பெனால்டி கார்னரைத் தந்துவிடும். அப்போது கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோலைக் காக்கலாம்; மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பச்சை அட்டைக்கு 2 நிமிடமும் மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடமும் வெளியே இருக்க வேண்டும். சிவப்பு அட்டை என்றால் அந்த ஆட்டம் முடிந்தது. ஆவேசமாகப் பாய்ந்து பந்தைப் பறிக்கும் மாணவரைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். அவர் எத்தனை பெனால்டி கார்னர் கொடுத்தார் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு நேராகும்.

கவனிக்க வேண்டிய ஐந்து

எங்கள் பதிவேட்டில் ஐந்து தலைப்புகள் உள்ளன.

ஒன்று, நிற்கும் இடம். நம் அணி தாக்கும்போது இவர் என்ன செய்கிறார்? வேடிக்கை பார்க்கிறாரா, பந்து பறிபோனால் அடுத்து எங்கே வரும் என்று எண்ணி நகர்கிறாரா? பந்தைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் இவரை மட்டும் பாருங்கள். ஆட்டம் பார்க்கும் பழக்கத்துக்கு இது கடினம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிவது இரண்டு மணி நேரப் பயிற்சியில் தெரியாது.

இரண்டு, பொறுமை. எதிராளி தனியாகப் பந்தோடு வரும்போது உடனே மட்டையை நீட்டி விழுகிறாரா, பின்வாங்கிக்கொண்டே வேகத்தைக் குறைத்துத் துணைக்கு ஆள் வரும்வரை இழுத்துப் பிடிக்கிறாரா? எதிராளி பந்தைச் சற்று நீளமாகத் தட்டும் அந்த ஒரு நொடியில்தான் மட்டை போக வேண்டும்.

மூன்று, பறித்த பந்தை என்ன செய்கிறார் என்பது. கண்ணை மூடிக்கொண்டு முன்னால் ஓங்கி அடித்தால், பந்து மீண்டும் எதிரணியிடமே போய்த் திரும்பி வரும். தலையை நிமிர்த்தித் தன் அணியினர் ஒருவருக்குக் கொடுத்தால், அங்கிருந்தே நம் தாக்குதல் தொடங்குகிறது. இன்றைய ஹாக்கியில் பின்வரிசைக்காரர்தான் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர்.

நான்கு, குரல். பின்னால் நிற்பவருக்குத்தான் மைதானம் முழுவதும் தெரியும். 'இடப்பக்கம் ஆள் இருக்கு', 'விடு, நான் பாத்துக்கறேன்' என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் தன் கால்களால் மட்டுமின்றி, பக்கத்தில் இருப்பவரின் கால்களாலும் தடுக்கிறார். வகுப்பில் வாய் திறக்காத சில மாணவர்கள் மைதானத்தில் அணியையே நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து, கோல் விழுந்த பின். தன்னைக் கடந்துபோய் ஒருவர் கோல் அடித்துவிட்டார். அடுத்த ஐந்து நிமிடம் இவர் எப்படி ஆடுகிறார்? பழிவாங்கப் பாய்கிறாரா, ஒதுங்கிக்கொள்கிறாரா, முன்பு நின்றதுபோலவே நிற்கிறாரா? முன்வரிசைக்காரர் பத்து வாய்ப்புகளில் ஒன்பதைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினால் கொண்டாடப்படுவார். தடுப்பாட்டக்காரர் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றே பேசப்படும். இதைத் தாங்கும் மனம் இந்த இடத்துக்குக் கட்டாயம் தேவை.

எண்ணிக்கை ஏமாற்றும்

இனி கணக்குக்கு வருவோம். அ, ஆ என்று இரண்டு மாணவர்கள். அ வலப்பக்கம், ஆ இடப்பக்கம் ஆடுகிறார்கள். மூன்று போட்டிகளின் பதிவு கீழ்க்கண்டவாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அ 18 முறை பந்தைப் பறித்தார். ஆ 6 முறை. முதல் பார்வையில் அ மூன்று மடங்கு சிறந்தவராகத் தெரிகிறார். ஆனால் அ இருந்த பக்கமாக எதிரணி 20 முறை 'டி'க்குள் நுழைந்தது. ஆ இருந்த பக்கமாக 8 முறைதான். இரண்டாம் பார்வையில் ஆ சிறந்தவர் ஆகிறார். எது சரி?

விடுபட்ட எண் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் எத்தனை தாக்குதல்கள் வந்தன? அ பக்கம் 40, ஆ பக்கம் 16. ஆக இருவருமே தம் பக்கம் வந்த தாக்குதல்களில் சரிபாதியை 'டி'க்குள் விட்டிருக்கிறார்கள். பறிக்க முயன்றது அ 30 முறை, ஆ 10 முறை. அதிலும் இருவருக்கும் வெற்றி 60 விழுக்காடு. தடுப்பதில் இருவரும் சமம். எட்டாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

இப்போது மூன்றாம் தலைப்புக்குப் போவோம். அ பறித்த 18 பந்துகளில் 6 மட்டுமே தன் அணியினரைச் சேர்ந்தன. ஆ பறித்த 6 பந்துகளில் 5 சேர்ந்தன. வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. அ மீண்டும் மீண்டும் தடுக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், அவர் பறித்த பந்து மீண்டும் மீண்டும் எதிரணிக்கே போனதாக இருக்கலாம். அப்படியானால் அவருக்குக் கற்றுத்தர வேண்டியது இன்னும் வேகமாகப் பாய்வதை அன்று. பறித்த பின் தலை நிமிர்ந்து பார்ப்பதை.

ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை. 6 என்பது மிகச் சிறிய எண். ஒரே ஒரு பாஸ் தவறியிருந்தால் விழுக்காடு தலைகீழாக இறங்கிவிடும். அதனால் ஐந்து போட்டிகளுக்குக் குறைவான பதிவைக் கொண்டு நாங்கள் எந்த முடிவுக்கும் வருவதில்லை. எதிரணி பலமானதா பலவீனமானதா என்பதையும் ஓரத்தில் குறிக்கிறோம். பயிற்சிப் போட்டிகளையும் கணக்கில் சேர்க்கிறோம்.

பதிவு செய்வது யார்? அன்று ஆடாமல் வெளியே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள்தாம். ஒரு பழைய நோட்டு, நான்கு பத்திகள்: தாக்குதல் வந்தது, 'டி'க்குள் நுழைந்தது, பந்து பறித்தது, பறித்த பந்து நம்மவரைச் சேர்ந்தது. நேர்க்கோட்டுக் குறிகள் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழித்தால் போதும். ஆறாம் வகுப்பில் கற்ற குறிகள்தாம். இதைப் போடும் மாணவர்களே சில வாரங்களில் ஆட்டத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

உடலும் வயதும்

14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் உயரமான, வேகமான மாணவர் தனித்துத் தெரிவார். அவர் உண்மையில் சிறந்தவரா, முன்னதாக வளர்ந்தவரா? கனடா நாட்டில் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் உயர்நிலை அணிகளில் மிக அதிகமாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். ஜனவரி 1 வயது வரம்பு நாளாக இருந்ததால், ஜனவரியில் பிறந்த சிறுவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். சிறு வயதில் அந்த ஓராண்டு 'திறமை' என்று தோன்றிவிடுகிறது. நல்ல பயிற்சியும் அவனுக்கே கிடைக்கிறது. நம் பள்ளிப் போட்டிகளின் வயதுப் பிரிவுகளும் ஜனவரி 1-ஐ வைத்தே பிரிக்கப்படுகின்றன. அதனால் பதிவேட்டின் தலைப்பில் மாணவரின் பிறந்த மாதத்தையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்த உயரத்தையும் எழுதுகிறோம்.

தடுப்பாட்டக்காரர் விஷயத்தில் இந்தப் பொறுமை இன்னும் தேவை. பந்தை உருட்டிக்கொண்டு ஓடும் திறன் பன்னிரண்டு வயதிலேயே கண்ணில் படும். ஆட்டத்தைப் படிக்கும் திறன் பல போட்டிகள் ஆடிய பிறகே வரும். பனி ஹாக்கியில் உலகின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக மதிக்கப்படும் சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், 1989 தேர்வில் 53-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன் 52 பேரை அணிகள் எடுத்துவிட்டன. பின்னாளில் அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அவர் ஏழு முறை வென்றார். மோதி வீழ்த்துவதைவிட, சரியான இடத்தில் நின்று மட்டையால் தடுப்பதே அவருடைய பலம். தொழில்முறையாக ஆள் தேடுபவர்களுக்கே பதினெட்டு, பத்தொன்பது வயதில் முழுதாகத் தெரியாதது, பதின்மூன்று வயதில் நமக்கு ஒரே நாளில் தெரிந்துவிடாது.

நம் நாட்டு எடுத்துக்காட்டுகள்

ஒடிசா மாநிலம் சுந்தர்கர் மாவட்டத்தில் சவுனாமாரா என்று ஒரு பழங்குடிக் கிராமம் உள்ளது. அங்கிருந்து வந்த திலீப் திர்க்கி, 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகப் பின்வரிசையில் ஆடினார். 400-க்கும் மேற்பட்ட பன்னாட்டுப் போட்டிகள் ஆடியவர்; 2022 முதல் ஹாக்கி இந்தியா அமைப்பின் தலைவர். அதே கிராமத்தைச் சேர்ந்தவர் அமித் ரோகிதாஸ். அரசு நடத்தும் பான்போஷ் விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். 2013-இல் இந்திய அணிக்கு வந்தார். பிறகு இடம் இழந்து, 2017-இல் மீண்டும் வந்தார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வென்ற அணியில் இருந்தார். பெனால்டி கார்னரின்போது அடிப்பவரை நோக்கி முதலில் பாய்ந்து ஓடும் வேலை இவருடையது. பந்து உடம்பில் படும் என்று தெரிந்தே ஓடும் வேலை அது.

பாரிஸில் 2024 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில், இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்திலேயே ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி ஆட்டம் முழுவதையும் இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. ஒருவர் குறைந்த அணி, நின்ற இடத்தாலும் பேச்சாலும் பொறுமையாலும் 1–1 என்று காத்து, ஷூட் அவுட்டில் 4–2 என வென்றது. தடுப்பாட்டம் என்றால் என்ன என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. அட்டையால் அரையிறுதியில் ரோகிதாஸ் ஆட முடியாமல் போனதும் அந்தப் பாடத்தின் இன்னொரு பக்கம்.

நம் மாநிலத்துக்கும் பெருமை உண்டு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். அண்மையில் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். இருவருமே முன்வரிசை ஆட்டக்காரர்கள். அடுத்து நம் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு பின்வரிசைக்காரர் போகட்டும் என்பது என் ஆசை.

பெற்றோர் கேட்கும் கேள்வி

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்த பின்வரிசை மாணவர் ஒருவரின் தாய் ஒருநாள் மைதானத்துக்கே வந்தார். கணவர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார். மகனைப் பத்தாம் வகுப்போடு அங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு. 'சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவன் இதுல தேறுவானா? தேறுவான்னா அவங்கப்பா கிட்ட நான் பேசறேன்' என்றார்.

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்வது எளிது. இரண்டு பதிலுமே ஆபத்து. 'கண்டிப்பா இந்தியாவுக்கு ஆடுவான்மா' என்றால், ஆசிரியர் சொல்லை நம்பி ஒரு குடும்பம் தன் கணக்கையே மாற்றிக்கொள்ளும். 'இதெல்லாம் சோறு போடாதும்மா' என்றால், ஒரு மாணவரின் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். அதனால் பதிவேட்டை எடுத்துவந்து காட்டினேன். 'இவன் நிக்கற இடம் நல்லா இருக்கு, பொறுமை இருக்கு, போன பருவத்தைவிடப் பந்தைச் சரியாக் கொடுக்கிறான். ஓட்டத்துல பின்தங்கியிருக்கான், இடப்பக்கம் கடந்து போறவங்களைப் பிடிக்க இன்னும் வரலை. மாவட்ட அளவுக்கு மேல இவன் ஆடி நான் பார்த்ததில்லை. அதனால அதைப் பத்தி இப்ப சொல்ல முடியாதும்மா' என்றேன். அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருப்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. 'படிப்பை விட்டுட்டுப் போகணுமா?' என்று கேட்டார். 'படிப்போடதான்' என்றேன்.

இந்த இடத்தில் பாதைகளை நாமே தெளிவாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது. விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பைத் தொடர்வார்கள். பாரதியார் தின, குடியரசு தினக் குழு விளையாட்டுப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் மாவட்டத்திலிருந்து மாநில அளவுக்கு அழைத்துச் செல்கின்றன. அதற்கு மேல் ரயில்வே, காவல்துறை, வங்கிகள், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவை ஹாக்கி அணிகளை வைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தகுதியுள்ள விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடும் இருக்கிறது. நம் நாட்டில் ஹாக்கி ஆட்டக்காரர்களில் பலருக்கு வாழ்க்கையைத் தருவது இந்த வேலைகள்தாம். அவற்றுக்குக் கல்வித் தகுதியும் வேண்டும் என்பதைப் பெற்றோரிடமும் மாணவரிடமும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

தொழில்முறை லீக்கைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில், தடுப்பாட்டக்காரரும் இந்திய அணித் தலைவருமான ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். அந்த ஏலத்தின் மிக உயர்ந்த தொகை அதுதான். பின்வரிசைக்காரருக்கு மதிப்பில்லை என்பவர்களுக்கு இது பதில். ஆனால் அதே ஏலத்தில் தொடக்க விலை 2 லட்சம் ரூபாயிலிருந்து இருந்தது. ஆடவருக்கு 8 அணிகள். அணிக்கு 24 பேர். அவர்களில் 16 பேர் இந்தியர், அந்தப் பதினாறில் 4 பேர் ஜூனியர்கள். பெருக்கிப் பாருங்கள்: நாடு முழுவதற்கும் 128 இடங்கள், ஜூனியர்களுக்கு 32. அவற்றிலும் பின்வரிசைக்கு ஒரு பங்குதான். மகளிர் லீக் அந்தப் பருவத்தில்தான் 4 அணிகளோடு முதன்முறையாகத் தொடங்கியது. கனவு காணச் சொல்வோம். கூடவே இந்தப் பெருக்கலையும் செய்யச் சொல்வோம்.

அந்த மாணவர் விடுதித் தேர்வுக்குப் போனார். அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. பெங்களூருவுக்கும் போகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறார். காலையில் ஓட்டப் பயிற்சி, மாலையில் இடப்பக்கத் தடுப்புக்கென்று தனியாக இருபது நிமிடம். 11-ஆம் வகுப்புச் சேர்க்கைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. தேறுவாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. எதில் முன்னேறியிருக்கிறார் என்று தெரியும், அவருக்கும் தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

பெரும்பாலான நம் பள்ளிகளில் செம்மண் தரைதான். தேர்வும் உயர்நிலைப் போட்டிகளும் செயற்கைப் புல்தரையில் நடக்கின்றன. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்தே ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. அங்கே பந்து வேகமாகவும் சீராகவும் வரும். மண்ணில் பந்து எகிறும். மண்ணில் பழகிய தடுப்பாட்டக்காரர் புல்தரையில் முதல் அரை மணி நேரம் தடுமாறுவது இயல்பு. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம், தேர்வுக்கு முன் ஒருமுறையாவது, மாணவர்களைச் செயற்கைத் தரையில் ஆடவைக்க முயல்வோம். 2025 இறுதியில் 24 அணிகள் ஆடிய ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதன் ஆட்டப் பதிவுகளைத் திறன் வகுப்பறைத் திரையில் போட்டு, பந்தை விட்டுவிட்டு ஒரு பின்வரிசைக்காரரை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெனால்டி கார்னர் பயிற்சி என்றால் முகக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு இல்லாமல் யாரும் கோல் கோட்டில் நிற்கக் கூடாது. மண் தரையில் எகிறும் பந்துக்கு முன் துணிச்சலைச் சோதிப்பது மதிப்பீடு ஆகாது. உபகரணம் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கேட்போம். அது வரும்வரை பந்தை மெதுவாகத் தள்ளி, ஓடும் பாதையை மட்டும் பழக்குவோம்.

மாணவியருக்கும் இதே பதிவேடுதான். அவர்களில் பலர் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். எழுதி வைத்த ஒரு பக்கம் கையில் இருந்தால், வீட்டில் பேச அவர்களுக்கும் நமக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: 'இப்போது செய்கிறார்', 'சொல்லிக்கொடுத்தால் செய்வார்', 'இன்னும் தெரியவில்லை'. மூன்றாவதை எழுதத் தயங்க வேண்டாம். முதல் பருவத்துப் பக்கத்தையும் மூன்றாம் பருவத்துப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எத்தனை வரிகள் இரண்டாவதிலிருந்து முதலாவதாக மாறியிருக்கின்றன என்பதே, என் அனுபவத்தில், ஒரு மாணவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக நம்பகமான செய்தி. வேகத்தையும் உயரத்தையும்விட, கற்றுக்கொள்ளும் வேகம்தான் அவரைத் தூரம் கொண்டுசெல்லும்.

அடுத்த முறை அணி வென்று வந்தால், கோல் அடித்தவரோடு சேர்த்து, எதிரணியை 'டி'க்குள் விடாதவரையும் காலை வணக்கக் கூட்டத்தில் முன்னால் அழைப்போம். எத்தனை முறை தடுத்தார் என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணோடு வாசிப்போம். வரிசையில் நிற்கும் இன்னும் நான்கு பேர் அன்று மாலை பின்வரிசையில் ஆடக் கேட்டு வருவார்கள்.